அடுப்படி அலமாரியும் மூன்று மில்லிமீட்டர் இடுக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் வ. புதுப்பட்டியின் பழைய வீடுகளில், கனமான சுண்ணாம்புச் சுவருக்குள்ளேயே பள்ளம் விட்டுக் கட்டி, அதற்கு மரச்சட்டமும் இரட்டைக் கதவும் பொருத்திய அடுப்படி அலமாரிகளை இன்றும் காணலாம். நடுவே மரத்தட்டோ கடப்பைக் கல்லோ இருக்கும். அவற்றின்மேல் புளிப்பானையும் ஊறுகாய் ஜாடியும் அஞ்சறைப் பெட்டியும் வீற்றிருக்கும். இரவில் விளக்கை அணைத்த பின்பு அவ்விடத்தில் ராஜ்யபாரம் நடத்துகிறவர்கள் யார் என்பதை அந்த வீட்டுப் பெண்மக்களைக் கேட்டால் சொல்வார்கள். எத்தனை மருந்து தெளித்தாலும் சில நாட்கள் மறைந்திருந்துவிட்டுக் கரப்பான் மறுபடியும் வந்துவிடுகிறது என்பது எங்கும் கேட்கும் புகார்தான். இதற்குக் காரணத்தைக் கரப்பானிடத்தில் தேடுவதைவிட, அது குடியிருக்கும் இடுக்கினிடத்திலும், அந்த இடுக்கை உண்டாக்கிய மரத்தினிடத்திலும் தேடுவதே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரமானது வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, இழைக்கப்பட்டுப் பலகையாகிச் சுவரில் ஏறிய பிறகும், காற்றோடு தனக்குள்ள உறவை முறித்துக்கொள்வதில்லை. நுண்பெருக்கியில் பார்த்தால் அது நெடுக நெடுக அடுக்கிக் கட்டிய நாணல் கட்டைப் போன்ற குழாய்களின் தொகுதி. அந்தக் குழாய்களின் சுவர்கள், காற்றில் ஈரம் மிகும்போது அதை உறிஞ்சித் தடித்தும், காற்று வறளும்போது அதை விட்டுவிட்டு மெலிந்தும் போகின்றன. குழாய்கள் பருப்பதும் சிறுப்பதும் பக்கவாட்டிலேயே நிகழ்வதால், பலகையின் நீளம் ஏறக்குறைய மாறாமலிருக்க, அகலம் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நிதானமான மரம் என்று பெயர் வாங்கிய தேக்குகூடப் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் நூற்றுக்குச் சுமார் 5.8 பங்கும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 பங்கும் சுருங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்விரண்டு திசைகளுக்கும் உள்ள பேதமே பலகை கோணுவதற்கும் பிளப்பதற்கும் மூல காரணம்.

இனி, மலையடிவாரத்து ஊரின் சீதோஷ்ணத்தை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து பிளவக்கல் அணைக்கு நீர் வரும் நாட்களில் காற்று நனைந்த துணியாக இருக்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் காய்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியிலோ, தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் நீரையெல்லாம் மலைக்கு அப்பால் கேரளத்துச் சரிவிலே இறக்கிவிட்டு, வறண்டு இப்பக்கம் இறங்கி வீசுகிறது. இந்த மாறுதலில் வீட்டுக்குள்ளிருக்கும் மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 9 பங்கிலிருந்து 14 பங்கு வரையில் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மரம் சுருங்கத் தொடங்குவது ஈரம் ஏறக்குறைய 28 பங்குக்குக் கீழே வந்த பின்புதான். ஆகவே மேலே சொன்ன 5.8 பங்குச் சுருக்கத்தை அந்த 28-க்குப் பகிர்ந்து, வித்தியாசமான 5 பங்குக்குப் பெருக்கினால், நூற்றுக்கு ஒன்று என்னும் விடை வரும். ஓரடி அகலமுள்ள, அதாவது 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பலகைக் கதவு, மழைக்கும் வெயிலுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் அசைகிறது.

இந்த 3 மில்லிமீட்டரை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். ஏனெனில் இதே அளவைப் பூச்சியின் பக்கத்திலிருந்தும் இருவர் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கௌசிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், சாக்கடையிலிருந்து வீட்டுக்குள் ஏறிவரும் பெரிய செம்பழுப்புக் கரப்பானைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளின் முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். பெயரளவில் அது அமெரிக்கக் கரப்பான். பிறப்பால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நிற்கும்போது சுமார் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பிராணி, தன் உயரத்தில் கால்பங்கேயான இடுக்கில் ஒரு வினாடிக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடுவதை அவர்கள் படம் பிடித்தார்கள். உணர்கொம்புகள் முதலில் இடுக்கைத் துழாவுகின்றன. பின்பு தலையும், முன்கால்களும், கடைசியாக வயிறும் நுழைகின்றன. உடலைப் போர்த்திய கவசம் ஒரே ஓடாக இல்லாமல், கெட்டியான தகடுகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய தோலுமாக அமைந்திருப்பதால், உடம்பு பாதியளவுக்கு நசுங்கிக் கொடுக்கிறது. தன் எடையைப்போல் ஏறக்குறைய 900 மடங்கு பாரத்தை ஏற்றி அழுத்தியும் அதற்கு ஊனம் நேரவில்லை. இந்த அமைப்பைப் பார்த்து, இடிபாடுகளுக்குள் ஊர்ந்து சென்று மனிதரைத் தேடக்கூடிய சிறு யந்திரம் ஒன்றையும் அவர்கள் உருவாக்கினார்கள் என்பது இங்கே உபகதை. நமக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், பெரிய கரப்பானுக்கு வாசல் 3 மில்லிமீட்டர். வெயில் காலத்தில் நம் அலமாரிக் கதவு திறந்துகொடுக்கும் வாசலும் 3 மில்லிமீட்டர்.

ஆயினும் வாசல் என்ற சொல்லோடு நின்றுவிட்டால் இடுக்கின் முழு விஷயத்தையும் நாம் அறிந்தவர்களாக மாட்டோம். பூச்சி இடுக்கின் வழியாக எங்கோ போகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது போய்ச் சேர விரும்பும் இடமே இடுக்குதான். கரப்பானுக்கு முதுகும் வயிறும் ஒரே சமயத்தில் ஏதேனும் ஒன்றில் உராய்ந்துகொண்டிருந்தால்தான் நிம்மதி. திறந்த வெளியில் நிற்பது அதற்கு அச்சம். இந்தச் சுபாவத்தின் காரணமாக, அடுப்படிகளில் மிகுதியாகப் பெருகும் சிறிய இனமான ஜெர்மன் கரப்பான், வளர்ந்த பருவத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளியையும், குஞ்சுப் பருவத்தில் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியையும் தேடி அமர்கிறது. பகல் முழுவதும் அங்கேயே கிடக்கிறது. இரவிலும் ஆகாரத்துக்கும் தண்ணீருக்கும் போதுமான தூரமே வெளியே வருகிறது. அலமாரித் தட்டில் நாம் விரிக்கும் பழைய செய்தித்தாள், அதன் அளவுக்கு, மேலும் கீழும் உராயும்படி அமைந்த அருமையான படுக்கை. அந்தத் தாளை மைதாப் பசையால் ஓரங்களில் ஒட்டிவைத்தால் படுக்கையோடு போஜனமும் கிடைத்துவிடுகிறது, ஏனெனில் மாவுப் பசை கரப்பானுக்குப் பிரியமான உணவு.

அப்படி ஒருமுறை குடியேறிய இடுக்குக்கு மறுபடி மறுபடி புதுக் குடிகள் வந்து சேருவதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். கரப்பானின் எச்சத்திலிருந்து எழும் ஒருவகை வாசனை மற்றக் கரப்பான்களை அங்கே கூட்டுகிறது. அந்த வாசனையைத் தயாரிப்பதில் அதன் குடலில் வாழும் பாக்டீரியங்களுக்குப் பெரும் பங்கு உண்டென்பதை 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அலமாரி மூலையில் மிளகைப் பொடித்துத் தூவியதைப்போல் கருப்பாகக் காணப்படுகிறதே, அது வெறும் அழுக்கன்று. இங்கே இடம் உண்டு என்று எழுதிவைத்த விளம்பரப் பலகை. அதைக் கழுவாமல் மேலே எதைப் பூசினாலும் பலன் பாதிதான்.

ஜெர்மன் கரப்பான் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். லின்னேயஸ் 1767-ல் அதற்கு அப்படிப் பெயரிட்டார். அன்று முதல் அந்தப் பழி ஜெர்மனியின்மேல் இருந்து வந்தது. 2024-ல், பதினேழு நாடுகளிலிருந்து சேகரித்த 281 கரப்பான்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், இவ்வினம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலோ மியான்மரிலோ, வயல்வெளியில் வாழும் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வீட்டுக்குள் புகுந்தது என்றும், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு மேற்காசியாவுக்கும், பின்னர் ஐரோப்பிய வியாபாரக் கப்பல்களோடு மற்றத் தேசங்களுக்கும் பரவியது என்றும் தீர்மானித்தார்கள். ஆகவே இது வெளிநாட்டு விருந்தாளி என்று நாம் சொல்லிக்கொள்வதற்கில்லை. நம் பக்கத்துப் பழங்குடிதான். உலகத்திலுள்ள சுமார் 4,600 கரப்பான் இனங்களில் மனிதனோடு ஒட்டிக்கொண்டவை முப்பதுக்கு மேலிரா. மற்றவையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளைப் போன்ற இடங்களில் உதிர்ந்த இலையையும் மக்கிய மரத்தையும் தின்று மண்ணாக்கிக்கொண்டு, நம்மை அறியாமலேயே காலம் கழிக்கின்றன.

மருந்து தெளிப்பதால் தீராத இந்த வழக்கு, இடுக்கை அடைப்பதால் எப்படித் தீரும் என்று கேட்கலாம். விஷத்துக்கும் இடுக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விஷம் ரசாயனத்தைச் சார்ந்தது. ரசாயனத்துக்கு எதிராகப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போகின்றன. அமெரிக்காவில் சர்க்கரை கலந்த விஷ உணவை வைத்துக் கரப்பானைக் கொன்று வந்த இடங்களில், குளுக்கோஸ் என்றாலே ஒதுங்கிப்போகும் கரப்பான் வம்சம் ஒன்று தோன்றிவிட்டதை ஜூல்ஸ் சில்வர்மன் 1993-ல் எழுதினார். அவரும் வட கரோலினாவைச் சேர்ந்த மற்ற ஆராய்ச்சியாளர்களும் 2013-ல் அதன் காரணத்தைக் கண்டார்கள்: அந்த வம்சத்தின் வாயிலுள்ள கசப்பறியும் நரம்புகளே குளுக்கோஸுக்குக் கிளர்ச்சியடைந்துவிடுகின்றன, அதாவது அதற்குச் சர்க்கரை கசக்கிறது. நாவின் சுவையைச் சில ஆண்டுகளிலேயே மாற்றிக்கொள்ளும் பிராணியால், தன் தலையின் கெட்டி ஓட்டை அரை மில்லிமீட்டர் இடுக்குக்கு ஏற்றபடி அவ்வளவு சுலபமாக மெலிய வைக்க முடியாது. அடைத்த இடுக்குக்கு எதிராகப் பழக்கம் பெறுவது என்பது எந்தப் பூச்சிக்கும் கைவராத வித்தை.

நம் முன்னோர் இந்தக் காரணங்களையெல்லாம் ஆராய்ந்து செய்தார்கள் என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனாலும் அவர்களுடைய வழக்கங்கள் சில, பலனளவில் இடுக்கடைப்பு வேலையாகவே இருந்தன. மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு முன்பாக, வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, ஒட்டடை அடித்து, அடுப்படி உட்படச் சுவர் முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். நீற்றிய சுண்ணாம்பு, மயிரிழை வெடிப்புகளுக்குள் நீர்போல் ஓடி, காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கிரகித்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக இறுகிவிடுகிறது. சுண்ணாம்புக் காரைக்கு இன்னுமொரு விசேஷ குணம் உண்டு: சுவரில் நுண்ணிய வெடிப்பு விழுந்து அதில் ஈரம் ஏறினால், அந்த ஈரம் அக்கம்பக்கத்துச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து வெடிப்பிலேயே படியவைத்துத் தானாக மூடும். ஆண்டுக்கொருமுறை தவறாமல் நடந்த அந்தக் காரியம், இடுக்கில் ஒட்டவைத்த முட்டைக் கூடுகளையும் சேர்த்தே தீர்த்துவந்தது. அமெரிக்கக் கரப்பான் தன் முட்டைக் கூட்டை, உள்ளே பதினாறு வரையில் முட்டைகளோடு, உமிழ்நீரால் இடுக்குகளில் ஒட்டிவைக்கும் வழக்கமுடையது. இக்காலத்தில் சுவருக்குப் பளபளப்பான பெயிண்ட் பூசிவிட்டுப் பத்தாண்டு திரும்பிப் பாராமல் இருக்கிறோம். பெயிண்டின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை; ஆனால் அந்தப் பத்தாண்டில் விழும் வெடிப்பை யார் அடைப்பது?

கரிசல் நாட்டார் தானியம் சேமித்த குலுக்கையைப் பாருங்கள். மண்ணால் வனைந்த அந்தக் குதிரில் தானியத்தைக் கொட்டி, வாயை மூடிக் களிமண்ணாலும் சாணத்தாலும் மெழுகிவிட்டால், உள்ளே இருக்கும் வண்டுகள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பிராணவாயுவைத் தாமே செலவழித்துக் கரியமிலவாயுவை நிரப்பிக்கொள்கின்றன. பூச்சு எவ்வளவுக்கு இறுக்கமோ அவ்வளவுக்கு அவற்றின் கதி சீக்கிரம் முடிகிறது. இன்று காற்றுப்புகாப் பைகளில் தானியத்தைச் சேமிப்பதும் இதே தத்துவந்தான். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்துவைப்பதிலோ வேறொரு தத்துவம் அடங்கியிருக்கிறது. பூச்சியின் உடல்மேல் மிக மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு. உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அதுவே. நுண்ணிய துகள்கள் அந்தப் படலத்தைத் தேய்த்துவிட்டால், பூச்சி விஷமில்லாமலேயே உலர்ந்து சாகிறது என்பதை விக்கிள்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலப் பூச்சியியல் அறிஞர் 1940-களில் நிரூபித்தார். மைசூரில் 1950-ல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தாரும், பக்குவப்படுத்திய களிமண் தூள் பூச்சியைக் கொல்லும் விதத்தை அந்தப் பத்தாண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

இந்தத் தூள் வித்தையை அலமாரிகளுக்கும் சுவர்களுக்கும் கொண்டுவந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆராய்ச்சி செய்த வால்டர் எபலிங். வீடு கட்டும்போதே, அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே மூடப்படப்போகும் பொந்துகளில் சிலிக்காத் தூளையோ போரிக் அமிலத் தூளையோ மெல்லியதாக ஊதிவிட்டு அப்புறம் அடைத்துவிட்டால், கரப்பானுக்குப் பிடித்தமான அதே இருட்டிடம் அதற்கு மயானமாகிவிடும் என்று அவர் காட்டினார். போரிக் அமிலம் நம் ஊரில் அரிய சரக்கன்று. கேரம் பலகையில் காய் வழுக்கிச் செல்வதற்காகத் தூவுகிறார்களே, அதுதான். ஆனால் குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் படியும்படி தூவ வேண்டும். குழந்தைகளின் வாய்க்குப் போனால் அது விஷம் என்பதால், அடைபடப்போகும் பொந்துக்குள் அன்றி, பாத்திரம் வைக்கும் தட்டில் அதற்கு இடமே கொடுக்கலாகாது.

இனிச் செய்யும் முறையைப் பார்ப்போம். அலமாரியைக் காலிசெய்து, தாளை உரித்தெறிந்து, சோப்பு நீரால் மூலை முடுக்கெல்லாம் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தின் ஓரம், தட்டு சுவரில் செருகிய இடம், கீல் பதித்த பள்ளம், குழாய் நுழையும் துளை ஆகியவற்றைச் சோதித்தால், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் குச்சி தாராளமாக நுழையுமிடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. அஞ்சலட்டை மட்டும் நுழையுமிடம் குஞ்சுகளின் வீடு. கதவைச் சாத்திவிட்டு வெளியே ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால், புகை உள்ளிழுக்கப்படும் இடத்தில் கண்ணுக்குப் படாத ஓட்டை ஒன்று இருக்கிறதென்று அறியலாம்.

எதைக்கொண்டு அடைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தச்சர்கள் வழக்கமாக ரம்பத்தூளைப் பசையில் குழைத்து அப்புவார்கள். பெயிண்ட் வேலைக்காரர்கள் லப்பம் பூசுவார்கள். சுண்ணக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்த பழைய லப்பம், காற்றிலுள்ள பிராணவாயுவை எண்ணெய் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளக் கெட்டியாகிக் கடைசியில் கல்லாய்ப் போகும். அசையாத இடத்துக்கு இவையெல்லாம் சிலாக்கியமானவை: ஆணித் துளை, முடிச்சு உதிர்ந்த குழி, பலகையின் நடுவிலுள்ள சிறு பள்ளம். அசையும் பொருத்துக்கு இவற்றைப் போட்டாலோ, பங்குனி வெயிலில் அடைத்தது கார்த்திகையில் மரம் ஊதும்போது நெரிபட்டு உதிரும். தை மாதத்தில், மழை ஈரம் இன்னும் மரத்தில் இருக்கும்போது அடைத்தது, கோடையில் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு மயிரிழையாகப் பிளக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழக்கம் சுவருக்கு உகந்த முகூர்த்தமாயினும், மரத்துக்கு அவ்வளவு உகந்ததன்று. ஈரமும் வறட்சியும் நடுத்தரமாயிருக்கும் மாசி மாதம் மரவேலைக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நீளமான சந்துக்கு, ரப்பரைப்போல் இழுபடும் சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் பூச்சே ஏற்றது. இவற்றில் நல்லவை, தம் அகலத்தில் நூற்றுக்கு 25 பங்கு வரையில் நீளவும் சுருங்கவும் கூடியவை. மூன்று அங்குலச் சட்டம், முன் சொன்ன கணக்கின்படி, ஆண்டில் முக்கால் மில்லிமீட்டரே அசையும். சந்தின் அகலம் 4 மில்லிமீட்டராக இருந்தால், அதில் கால்பங்கான 1 மில்லிமீட்டர் அசைவைப் பூச்சு தாங்கிக்கொள்ளும். பூச்சு சந்தின் இரண்டு பக்கங்களில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால், இழுபடும்போது கொடுக்க இடமின்றிக் கிழிந்துவிடும். இதற்காகச் சந்தின் ஆழத்தில் முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணித்துவிட்டு அதன்மேல் பூசுவது கட்டட வேலைக்காரர்களின் உபாயம். சணற்கயிறு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காடி வாசனை அடிக்கும் சிலிக்கோன் உலரும்போது அசிட்டிக் அமிலத்தைக் கக்குவது. அந்த அமிலம் சுண்ணாம்புச் சுவரைத் தின்பதால் பூச்சு பிடிப்பை இழக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வாசனையற்ற வகையைக் கேட்டு வாங்குவதே நன்று. சிலிக்கோன்மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதையும், அக்ரிலிக்கின்மேல் ஒட்டும் என்பதையும் முன்னதாகத் தெரிந்துகொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

இரட்டைக் கதவு ஒன்றோடொன்று சந்திக்கும் நடுக்கோட்டை எந்தப் பூச்சாலும் அடைக்க இயலாது, திறந்து மூட வேண்டியதல்லவா? அங்கே ஒரு கதவின் ஓரத்தில், மற்றதன்மேல் படியும்படி, மெல்லிய மரப்பட்டை ஒன்றை அறைந்துவிட்டால் போதும். கதவு 3 மில்லிமீட்டர் சுருங்கினாலும் பட்டை அந்தச் சந்தை மறைத்துக்கொண்டே இருக்கும். பழைய தச்சர்கள் சில வீடுகளில் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அலமாரியை இவ்வளவு சிரத்தையாக அடைத்துவிட்டு, அங்கணத்தின் தூம்பைத் திறந்து வைத்திருந்தால், பெரிய கரப்பான் சாக்கடையிலிருந்து ராஜபாட்டையாக வரும். கழிவுக் குழாயில் வளைவு வைத்து, அதில் இரண்டங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி செய்வது, தண்ணீரையே அடைப்பாக்கும் யுக்தி; 1775-ல் அலெக்ஸாண்டர் கம்மிங் இதற்குக் காப்புரிமை பெற்றார். பல நாள் பூட்டியிருக்கும் வீட்டில் அந்த நீர் ஆவியாகி வற்றிவிடுவதால், திரும்பி வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது அவசியம். ஈரந்தான் கரப்பானுக்கு ஜீவாதாரம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டும் கிடைத்தால் ஜெர்மன் கரப்பான் ஒரு மாதம்வரை பட்டினி கிடக்கும். தண்ணீர் இல்லையேல் இரண்டு வாரத்தைக் கடப்பது அரிது. தொட்டிக்கு அடியில் சொட்டும் குழாயைச் சரிசெய்யாமல் இடுக்கை மட்டும் அடைப்பது பாதி வேலை. அடுப்புக்காகத் தென்னை மட்டையையும் பன்னாடையையும் அடுப்படி மூலையிலேயே குவித்து வைப்பதும் அப்படித்தான்; தோப்பிலுள்ள இடுக்குகளையெல்லாம் கட்டாகக் கட்டி உள்ளே கொண்டுவந்து வைத்ததாக ஆகும்.

இடுக்கை அடைத்தால் எல்லாப் பூச்சியும் தொலையும் என்று நம்பிவிடவும் கூடாது. அரிசி வண்டு அலமாரிச் சந்து வழியாக வருவது சொற்பம். பெரும்பாலும் அரிசியோடுதான் வருகிறது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசி மணியில் துளையிட்டு, அதில் ஒரு முட்டை வைத்து, பசைபோன்ற ஒன்றால் அந்தத் துளையை மூடிவிடுகிறது. இடுக்கடைக்கும் கலையில் அது நமக்கு மூத்தது. வெயிலில் உலர்த்துவதும் இறுக மூடிய டப்பாவுமே அதற்கு மருந்து. 2 மில்லிமீட்டர் நீளமேயுள்ள சிறு எறும்புக்கோ, நாம் அடைத்த பிறகும் வழி கிடைக்கும். தின்பண்ட அலமாரியின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திய பழைய ஏற்பாடுதான் சரி, நீரின்மேல் தூசி படிந்து பாலமாகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கறையான் விஷயம் முற்றிலும் வேறு. அது மண்ணிலிருந்து சுவருக்குள்ளாகவே ஏறிச் சட்டத்தின் முதுகைத் தின்னத் தொடங்கும். முன்பக்கத்து இடுக்கை அடைப்பதால் அதற்கு நஷ்டம் இல்லை, நமக்குத்தான் அதன் மண்பாதை கண்ணில் படாமல் போகும். ஆகவே சட்டத்தைத் தட்டிப் பார்த்துப் பொள்ளல் ஓசை கேட்டால், முதலில் கறையானைக் கவனித்துவிட்டே பூச்சைத் தொட வேண்டும். எபலிங்கும் பென்ஸ் என்பவரும் 1957-ல் கறையானுக்கு மணலாலேயே தடை போடலாம் என்று கண்டுபிடித்தார்கள். மணற்பரல்கள் கறையான் வாயால் தூக்க முடியாத பருமனும், அவற்றின் இடைவெளி கறையான் தலை நுழையாத சிறுமையும் உடையனவாக இருக்க வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். ஆஸ்திரேலியாவில் கட்டடங்களுக்கு அடியில் 1.7 முதல் 2.4 மில்லிமீட்டர் வரையுள்ள கருங்கல் பரல்களைப் பரப்புவது இதைப் பின்பற்றியே.

வேலை நடக்கும் நாட்களில், கருத்த உடலும், கொடியை ஆட்டுவதுபோல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் சிறிய வயிறும் உடைய ஒரு குளவியை அடுப்படியில் கண்டால் அடிக்க வேண்டாம். ஈவானியா என்று விஞ்ஞானிகள் அழைக்கும் அது மனிதரைக் கொட்ட வருவதில்லை. கரப்பானின் முட்டைக் கூட்டைத் தேடிக் கண்டுபிடித்து அதனுள் தன் முட்டையை இடுகிறது. அதன் புழு கரப்பான் முட்டைகளைத் தின்று வளர்கிறது. ஆனால் அது வீட்டில் அடிக்கடி தென்படுமாயின், முட்டைக் கூடுகள் எங்கோ ஏராளமாக இருக்கின்றன என்றுதான் பொருள். அந்த எங்கோவைத் தேடி அடைக்க வேண்டும்.

அடைக்கவே கூடாத துளை ஒன்றும் இருக்கிறது. பழைய அலமாரியின் கீழ்த்தட்டை எடுத்துவிட்டுப் பலர் அங்கே சமையல் வாயு சிலிண்டரை வைத்திருக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு படிந்து நிற்கும். அது வெளியேறுவதற்காக அடிப்பக்கத்தில் விட்டிருக்கும் திறப்பைக் கரப்பானுக்கு அஞ்சி மூடிவிட்டால், கசிந்த வாயு அலமாரிக்குள்ளேயே தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அந்தத் திறப்புக்கு மட்டும் பூச்சு வேண்டாம். 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை இழுத்து அறைந்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கண்களை அடைத்துவிடாதபடி மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவிவந்தால் போதும்.